றம்பை போட்ட தண்ணீர்

நத்தார் அன்று முற்றத்தில் நெருப்பு எரியாத வீட்டில் பாலன் பிறப்பதில்லை.

இது கிறிஸ்ரியின் கொள்கை. தலைமன்னார் ஐஸ் வாடியில் பத்துப் பதினைந்து பேர் கேட்டுக்கொண்டிருக்க, ஒரு காலை ஐஸ் கட்டிக்கு மேல் வைத்தபடி இதை அவன் சொன்னான். வேதப் புத்தகத்தில் அப்படி ஒரு வசனம் இல்லையே என்று கோயில் மூப்பர் மெதுவாகக் கேட்டார். "எழுதினவை சமைக்கேல்லைத்தானே" என்றான் கிறிஸ்ரி. மூப்பர் தன் ஐஸ் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தார். கிறிஸ்ரி அதை வெற்றியாக எடுத்துக்கொண்டான்.

சொன்னதோடு நிற்கிற ஆளும் இல்லை. ஒவ்வொரு நத்தாருக்கும் காலை ஒன்பது மணிக்கு, மூன்று வளையம் உள்ள பெரிய காஸ் அடுப்பு ஒன்று அவன் வீட்டு முற்றத்துக்கு வரும். அதன் மேல் பெரிய சமையல் கிடாரம் ஏறும். குசினியிலும் சமைக்கலாம், குசினியில் சமைத்தால் தெருவுக்கு எப்படித் தெரியும்? ஆகவே அடுப்பு படலைக்கு நேரே, தெருவில் போகிறவன் கண்ணில் படுகிற இடத்தில் இருக்கும். போகிறவர்கள் நின்று, "என்ன கிறிஸ்ரி, தொடங்கியாச்சோ?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்காகவே அவன் மார்கழி முழுவதும் உயிரோடு இருந்தான் என்று சொன்னால் மிகையில்லை.

அவனுடைய தொழில் ஐஸ் விற்பது. கூடவே மீன் போடுகிற தடித்த ஐஸ் பெட்டிகளும் விற்பான். "இண்டைக்குக் காலமை போட்ட ஐஸ் நாளைக்கு மத்தியானமும் கட்டியாக் கிடக்கும், கிடக்காட்டிப் பெட்டியை என்ர தலையில போடுங்கோ" என்பது அவன் வாயில் தினமும் வருகிற சத்தியம். உள்ளே இருக்கிற குளிரைப் பெட்டி வெளியே விடாது என்பதில் அவனுக்கு ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை. அதே மாதிரிச் சூட்டையும் பெட்டி வெளியே விடாது என்று மனைவி அன்ரோனெற் சொன்னபோதுதான் அவனுக்குச் சிரிப்பு வந்தது.

அவள் அதைச் சொல்ல வேண்டி வந்ததற்குக் காரணம் மழை.

அந்த வருட மழை பெரிய மழை. பாதைகள் வெட்டுப்பட்டு, காஸ் லொறி மன்னார்த் தீவுக்குள் வந்து மூன்று கிழமைக்கு மேல். சிலிண்டர் அடுக்குகிற கம்பிக் கூட்டுக்குள் கோழி வளர்க்கலாமா என்று கடைக்காரர் யோசிக்கத் தொடங்கியிருந்தார். விறகெல்லாம் வெள்ளத்தில் ஊறிக் கிடந்தது. பற்றவைத்தால் நுளம்பு சாகும், சோறு வேகாது. தென்கரையில் மின்சாரம் எடுக்கிற காற்றாடிகள் இரவு பகலாகச் சுற்றிக்கொண்டிருந்தன. அவ்வளவு சக்தி தலைக்கு மேலே சுற்றிக்கொண்டிருக்க, இருபத்துமூன்றாம் திகதி பின்னேரம் அன்ரோனெற்றின் நத்தார்க் கேக் அரைவேக்காட்டில் நின்றது. சிலிண்டர் முடிந்துவிட்டது.

அடுத்த நாள் காலை, மதிலுக்கு அந்தப் பக்கத்து றஹீமா ஒரு சிலிண்டரைத் தள்ளுவண்டியில் வைத்துத் தானே தள்ளிக்கொண்டு வந்தார். மீன் வியாபாரி அப்துல் றசாக்கின் மனைவி. இந்த வீட்டுப் பலகாரம் அந்த வீட்டுக்கும் அந்த வீட்டு வட்டிலப்பம் இந்த வீட்டுக்கும் போகத் தொடங்கிப் பன்னிரண்டு வருடம்.

"அஞ்சு கிலோச் சிலிண்டர்" என்றார் றஹீமா. "பாதிக்குக் கொஞ்சம் மேல இருக்கு. எங்கட பெரிய சிலிண்டரும் முடிஞ்சிட்டு, இது ஒண்டுதான். ஆனா வெள்ளிக்கிழமைதான் எங்களுக்கு வேணும். அதுமட்டும் நாங்க தேங்காய்ச் சிரட்டையில ஒப்பேத்துவம்."

"வெள்ளிக்கிழமை ஆக்கள் வருகினமெல்லே ராத்தா" என்று அன்ரோனெற் தயங்கினாள்.

அது தெரு முழுவதற்கும் தெரிந்த விடயம். நத்தாருக்கு அடுத்த நாள், வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குப் பிறகு, றஹீமாவின் மகள் ஸில்மியாவைப் பெண் பார்க்க முசலியிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் பன்னிரண்டு பேர் வருகிறார்கள். ஏற்கெனவே இரண்டு தரம் திகதி வைத்து, இரண்டு தரமும் வெள்ளம் குறுக்கே வந்து தள்ளிப்போனது.

"மூணாந்தரமும் நாங்களே தள்ளினா அவங்க வேற மாதிரி நினைப்பாங்க" என்றார் றஹீமா. "அதனாலதான் சொல்றன். பெருநாளுக்குச் சமைக்காம இருக்கேலாது, நீ எடு. இதில பாதி திரும்பி வந்தாப் போதும்."

அன்ரோனெற் ஈரத்துணியால் சிலிண்டரைச் சுற்றித் துடைத்தாள். மேலே சீக்கிரம் காய்ந்து, காஸ் நிற்கிற மட்டத்துக்குக் கீழே ஈரம் காயாமல் நின்றது. அந்த இடத்தில் வெண்கட்டியால் ஒரு கோடு கீறினாள். இரண்டு விரற்கடை கீழே இன்னொரு கோடு.

"இந்தக் கோட்டுக்குக் கீழ போக விடமாட்டன் ராத்தா. அது என்ர பொறுப்பு."

மதிலோரம் நின்ற கிறிஸ்ரி இரண்டு கோடுகளையும் பார்த்தான். பன்னிரண்டு பேருடைய சோறும் ஒரு பெண்ணுடைய கல்யாணமும் அந்தக் கீழ்க் கோட்டுக்குக் கீழே இருக்கிறது என்பது அவனுக்கு விளங்காமல் இல்லை. விளங்கியது என்பதைத்தான் பிறகு அவனால் மறக்க முடியவில்லை.

அன்ரோனெற்றின் வழி இதுதான். கறியை அடுப்பில் வைத்து நன்றாகக் கொதிக்கவிடுவாள். கொதி வந்து கால் மணித்தியாலம். அதற்குப் பிறகு அடுப்பை அணைத்து, சட்டியை மூடியோடு துவாயால் சுற்றி, வைக்கோல் அடைத்த பழைய ஐஸ் பெட்டிக்குள் இறக்குவாள். மேலேயும் வைக்கோல், அதற்கு மேல் பழைய போர்வை, அதற்கு மேல் பெட்டி மூடி. நாலைந்து மணித்தியாலம் யாரும் தொடக்கூடாது. திறக்கிற நேரம் இறைச்சி எலும்பைவிட்டுக் கழன்று நிற்கும். காஸுக்கு வரிசையில் நின்ற காலத்தில் புருஷனுடைய பெட்டிகளைப் பார்த்துப் பார்த்து அவளாகவே கண்டுபிடித்தது.

"கொதி வந்தாப் போதும்" என்பாள். "மிச்சத்தப் பெட்டி பாக்கும்."

வைக்கோல்தான் பிரச்சினையாக இருந்தது. தீவில் வயல் இல்லை. வெள்ளத்துக்கு முதலே உயிலங்குளத்திலிருந்து பஸ்ஸில் ஏற்றுவித்த இரண்டு கட்டு வைக்கோல் வீட்டில் இருந்தது. நனையாத, பொன் மாதிரி வைக்கோல். இரண்டையும் கிறிஸ்ரி பாலன் குடிலுக்கென்றே எடுத்திருந்தான். கோயில் பங்கில் குடில் போட்டி. பார்வையிடுகிற குழு ஞாயிற்றுக்கிழமை வரும். போன வருடம் முதலிடம் மீனவர் சங்கத் தலைவர் சிங்கராசாவுக்குப் போனது. இந்த வருடம் கிறிஸ்ரி விறாந்தையில் ஒரு முழு மலையே கட்டி, வைக்கோல் கூரை வேய்ந்து, வைக்கோல் மெத்தை போட்டு, கழுதைச் சிலைக்கு முன்னால்கூடக் கொஞ்சம் வைக்கோல் வைத்திருந்தான். உயிருள்ள கழுதைகள் மணம் பிடித்துப் படலையில் வந்து நின்றன. அவற்றை அவன் தடியோடு போய்த் துரத்திக்கொண்டிருந்தான்.

"குடிலுக்கு ஒரு கட்டுக் காணுந்தானே, மற்றதத் தாங்கோ" என்றாள் அன்ரோனெற்.

"பாலன்ர வைக்கலில பண்டிக் கறியோ?"

"பாலன் ஒண்டும் சொல்லமாட்டார். நீங்கள்தான் கத்திறியள்."

கடைசியில் ஒரு கட்டை விட்டுக்கொடுத்தான். ஆனால் அன்று பின்னேரம் அவள் ஒத்திகையாக ஒரு பானைச் சோற்றைப் பெட்டிக்குள் வைத்துப் போர்வையால் மூடுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்க முடியவில்லை.

"என்ன, கோழி அடைக்கு வச்சிருக்கிறியோ? எத்தினையாம் நாள் பொரிக்கும்?"

அவள் சிரிக்கவில்லை. சிரிக்காத பகிடியை வீட்டில் வைத்திருந்து என்ன செய்வது என்று அவன் அதை ஐஸ் வாடிக்குக் கொண்டுபோனான். "எங்கட வீட்டுச் சோத்துக்குக் காய்ச்சல். போத்துக்கொண்டு படுக்குது." வாடி சிரித்தது. சிங்கராசா வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சிரித்தார். "அன்ரோனெற் அடைக்கு வச்சிருக்கிறா, ஞாயிற்றுக்கிழமை குஞ்சு பொரிக்கும், ஆளுக்கொண்டு தாறன்" என்று அவன் மேலும் வளர்த்தான். ஒத்திகைச் சோறு பூவாக மலர்ந்து வந்ததை மட்டும் வாடியில் சொல்ல மறந்துவிட்டான்.

நத்தார் காலை ஏழு மணிக்கே அன்ரோனெற் எல்லாவற்றையும் முடித்துவிட்டாள். ஆட்டிறைச்சிக் கறி ஒரு பெட்டி, பன்றிக் கறி ஒரு பெட்டி, மஞ்சள் சோறு ஒரு பெட்டி. மூன்றும் குசினி மூலையில் போர்வை போர்த்துக்கொண்டு இருந்தன. சிலிண்டரை ஈரத்துணியால் துடைத்துப் பார்த்தாள். ஈரம் முதல் கோட்டுக்கு ஒரு விரற்கடை கீழே நின்றது. திருப்தியோடு அடுப்பைத் துடைத்து, பலகாரத் தட்டுகளை எடுத்துக்கொண்டு பேசாலையில் இருக்கிற தமக்கை வீட்டுக்குப் புறப்பட்டாள்.

"பன்னிரண்டரைக்கு வந்திடுவன். பெட்டியத் திறந்து பாக்காதேங்கோ. ஒருக்காத் திறந்தா அரை மணித்தியாலச் சூடு போயிடும்."

கிறிஸ்ரி புதுச் சேட்டும் சாரமும் உடுத்து முற்றத்தில் நின்றான். முற்றம் வெறுமையாக இருந்தது. குசினி குளிர்ந்து கிடந்தது. அம்மியில் அரைக்கிற சத்தம்கூட இல்லை. நள்ளிரவுப் பூசை முடிந்து தூங்கி எழும்பியவர்கள் தெருவில் போகத் தொடங்கினார்கள். ஒருவரும் படலையில் நிற்கவில்லை. நிற்க என்ன இருக்கிறது?

ஒன்பதரைக்குக் கடற்கரைப் பக்கமிருந்து வந்த ஒருவன் சைக்கிளை நிற்பாட்டி முற்றத்தை எட்டிப் பார்த்தான்.

"என்னண்ணை, இந்த வருசம் பாலன் பிறக்கேல்லையோ?"

கேட்டுவிட்டு அவன் போய்விட்டான். அவனுக்கு அது ஒரு வாய்ப்பேச்சு. கிறிஸ்ரிக்கு முகம் கொதித்தது. உள்ளே மூன்று சட்டி வெந்துகொண்டிருக்கிறது என்று தெருவில் நின்று கத்தவா முடியும்? கத்தினால், எங்கே வேகுது என்பார்கள். போர்வைக்குள் என்று சொல்ல வேண்டும்.

பத்து நிமிடம் என்று நினைத்தான். பத்து நிமிடம் எரிந்தால் போதும், நாலு பேர் கண்டால் போதும்.

பெரிய அடுப்பை முற்றத்துக்கு இழுத்தான். சிலிண்டரைப் பூட்டினான். பூட்டும்போது வெண்கட்டிக் கோடுகளை மதில் பக்கம் திருப்பி வைத்தான். கிடாரத்தில் பாதிக்குத் தண்ணீர் ஊற்றி ஏற்றினான். நெருப்பு மூன்று வளையத்திலும் பிடித்து ஊதியபோது மனதுக்குள் ஒரு நிம்மதி. ஆனால் வெறும் தண்ணீருக்கு மணம் கிடையாது. தெருவுக்கு மூக்கும் இருக்கிறது. ஆகவே பின்வளவில், கறிக்கு வாசம் தருகிற றம்பை இலை நாலு பிய்த்துப் போட்டான். கறுவாப்பட்டை போட்டான். ஏலக்காய் போட்டான். மூடினான்.

ஐந்து நிமிடத்தில் மணம் படலையைத் தாண்டியது. எட்டு நிமிடத்தில் சிங்கராசா வந்தார், சங்கத்துக்காரர் மூன்று பேரோடு.

"நத்தார் வாழ்த்துக்கள். அடைச் சோறு எண்டு சொன்னாய். நெருப்பு எரியுது."

"அது பொம்பிளையளின்ர விளையாட்டு அண்ணை. நத்தாருக்கு நெருப்பு வேணும். இருங்கோ."

நாலு பிளாஸ்ரிக் கதிரைகள் போட்டான். அடுப்பைச் சுற்றி இருந்தார்கள். வெந்த ஓரங்களாய் வெட்டியெடுத்த கேக் வந்தது. வைன் வந்தது. ஒரு மாதிரி இவர்கள் எழும்பிப் போனதும் அணைத்துவிடலாம் என்று கிறிஸ்ரி ஒரு கண்ணை நெருப்பில் வைத்திருந்தான். அவர்கள் எழும்பவில்லை. எரிகிற அடுப்புக்கு முன்னால் இருப்பவன் கறியை எதிர்பார்த்துத்தான் இருப்பான். இது கிறிஸ்ரிக்குத் தெரியாத விடயமல்ல. இத்தனை வருடமும் அவன் ஆட்களை இருத்தியதே அப்படித்தான்.

"என்ன கறி?" என்று சிங்கராசா கேட்டார்.

"ஆட்டெலும்புச் சூப்பு. மூண்டு மணித்தியாலம் மூடி திறக்கக் கூடாது. திறந்தாச் சூடு போயிடும்."

அந்த வசனம் யாருடையது என்று சொன்ன பிறகுதான் அவனுக்கு உறைத்தது.

பத்தரை ஆனது. பதினொன்று ஆனது. வேறு இரண்டு பேர் வந்தார்கள், கதிரை போதாமல் வாளியைக் கவிழ்த்து இருந்தார்கள். மதிலுக்கு மேலால் ஒருமுறை றஹீமாவின் முக்காடு தெரிந்தது. அவர் நெருப்பைப் பார்த்தார், கிறிஸ்ரியைப் பார்த்தார், சிரித்துத் தலையசைத்துவிட்டு உள்ளே போனார். கிறிஸ்ரி குனிந்து அடுப்பின் திருகைத் தொட்டான். கொஞ்சம் குறைத்தான். குறைத்தால் ஊதுகிற சத்தம் குறைந்தது. சங்கத்துக்காரர் ஒருவர் திரும்பிப் பார்த்தார். மறுபடி கூட்டிவிட்டான்.

பதினொன்றரைக்குக் கேக் எடுக்க உள்ளே போனான். திரும்பி வந்தபோது சிங்கராசா ஒரு கையில் கிடாரத்து மூடியும் மறுகையில் அகப்பையுமாக நின்றார்.

கிடாரத்துக்குள் தண்ணீர் துள்ளிக்கொண்டிருந்தது. நல்ல தெளிந்த தண்ணீர். நாலு றம்பை இலைகளும் ஒரு கறுவாப்பட்டையும் அதில் ஒன்றையொன்று துரத்திக்கொண்டிருந்தன. எலும்பும் இல்லை, எலும்பு இருந்த அடையாளமும் இல்லை.

சிங்கராசா ஒரு அகப்பை அள்ளித் தேநீர்க் கோப்பையில் ஊற்றி, ஊதி, ஒரு வாய் குடித்தார். உதட்டை நக்கினார்.

"உப்புக் கொஞ்சம் காணாது" என்றார்.

மற்றவர்களுக்கும் ஊற்றினார். ஐந்து பேரும் குடித்தார்கள். வாளியில் இருந்தவர், "நல்ல மணம்" என்றார். "எலும்பு நல்லாக் கரைஞ்சிட்டுது" என்றார் இன்னொருவர். ஒருவர் முகத்திலும் சிரிப்பு இல்லை. சிரித்திருந்தால் கிறிஸ்ரியும் சேர்ந்து சிரித்துத் தப்பியிருப்பான். கேக் தட்டைப் பிடித்தபடி நின்றான்.

அப்போது நெருப்பு ஒருமுறை விக்கியது. மஞ்சளானது. வெளி வளையம் போனது, நடு வளையம் போனது, உள் வளையம் ஒரு நீல மணியாகச் சுருங்கி, அதுவும் போனது.

"காஸ் முடிஞ்சுதுபோல" என்று சொல்லி, சிங்கராசா கோப்பையைக் கவனமாகக் கதிரைக்குக் கீழே வைத்தார். "நாங்கள் வாறம் கிறிஸ்ரி. அன்ரோனெற்றைக் கேட்டதாச் சொல்லு."

பன்னிரண்டரைக்கு அன்ரோனெற் வந்தாள். முற்றத்தில் ஒன்றும் இல்லை. கிடாரம் கழுவிக் கவிழ்ந்திருந்தது, அடுப்பு பின்வளவுக்கும் சிலிண்டர் குசினிக்கும் போயிருந்தன. அவள் பெட்டிகளைத் திறந்தாள். ஆவி எழுந்தது. ஆட்டிறைச்சி கரண்டி பட்டதும் விலகியது. மஞ்சள் சோறு ஒவ்வொரு பருக்கையும் தனித்தனியாக நின்றது. கிறிஸ்ரிக்குப் போட்டுக் கொடுத்தாள். அவன் சாப்பிட்டான். நாக்குச் சுட்டது. அவன் வாழ்க்கையில் சாப்பிட்ட மிக நல்ல நத்தார்ச் சாப்பாடு அதுவாக இருக்கலாம்; சரியாகச் சொல்ல முடியாது, ஏனென்றால் விழுங்குவதே பெரும்பாடாக இருந்தது.

"நல்லா இருக்கோ?"

"ஓம்."

"கோழி பொரிச்சிட்டுதோ?"

அவன் இன்னொரு பிடி சோற்றை வாயில் வைத்தான். அவள் சந்தோசமாக இருந்தாள். ஈரத்துணியை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போனாள். இப்போதே சொல்ல வேண்டும் என்று கிறிஸ்ரி வாயைத் திறந்தான். வாய்க்குள் சோறு இருந்தது. அதை விழுங்கி முடிக்கிறவரையில் நேரம் இருக்கிறது என்று நினைத்தான்.

குசினிக்குள் சிலிண்டரைத் தூக்கிய சத்தம் கேட்டது. பிறகு திரும்ப வைத்த சத்தம். காலிச் சிலிண்டர் நிலத்தில் பட்டால் மணி மாதிரி ஒரு சத்தம் வரும்.

அவள் வாசலில் வந்து நின்றாள்.

"என்ன சமைச்சனீங்கள்?"

"தண்ணி."

"தண்ணி?"

"றம்பை போட்டனான்."

அவள் ஏசவில்லை. கேட்க வேண்டிய மற்றக் கேள்விகளையும் கேட்கவில்லை. தெருவையும் படலையையும் முற்றத்து மணலில் இருந்த கதிரைத் தடங்களையும் பார்த்தாள். பதில் எல்லாம் அங்கேயே எழுதிக் கிடந்தது.

"நான் ராத்தாவிட்டக் கொண்டுபோக மாட்டன்" என்றாள் கடைசியில். "என்ர பொறுப்பெண்டு சொன்னனான். எனக்கு முகமில்லை. நீங்கள் கொண்டுபோங்கோ."

கிறிஸ்ரி முதலில் சிலிண்டரைக் கொண்டுபோகவில்லை. மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு பேசாலை போனான், மன்னார் போனான். நத்தார் நாள், திறந்திருந்த இரண்டு கடையிலும் காஸ் இல்லை. தெரிந்த ஏழு வீட்டில் கேட்டான். எல்லா வீட்டிலும் பலகாரம் இருந்தது. நாலரை மணிக்குத் திரும்பி வந்து சிலிண்டரைத் தோளில் ஏற்றினான்.

மதிலைச் சுற்றி றஹீமா வீட்டுப் படலைக்கு அறுபது காலடி இருக்கும். தெருவில் ஆட்கள் நின்றார்கள். கிறிஸ்ரி இடுப்பை வளைத்து, பல்லைக் கடித்து, பாரம் தூக்குகிறவனைப்போல் நடந்தான். பாதி தூரத்தில் தான் செய்வது தனக்கே தெரிந்தது. நிமிர்ந்தான். சிலிண்டரைத் தோளிலிருந்து இறக்கி, வெற்று வாளியைப்போல் ஒரு கையில் தொங்கவிட்டுக்கொண்டு மீதித் தூரத்தை நடந்தான்.

அப்துல் றசாக் முன் விறாந்தையில் கணக்கில்லாத கோப்பைகளை நாளைக்காகத் துடைத்துக்கொண்டிருந்தார். சிலிண்டர் தொங்குகிற விதத்தைப் பார்த்ததும் கை நின்றது.

"முடிஞ்சிட்டுது நானா" என்றான் கிறிஸ்ரி. "அன்ரோனெற் முடிக்கேல்லை. அவ மிச்சம் பிடிச்சுத்தான் வச்சவ. நான்தான்."

"பெரிய சமையல் போல" என்றார் றசாக். அதில் குத்தல் இல்லை. குத்தல் இருந்திருக்கலாம் என்று கிறிஸ்ரிக்குப் பட்டது.

"சமையல் இல்லை நானா. வெறுந்தண்ணியக் கொதிக்க வச்சனான். ஆக்கள் பாக்கோணுமெண்டு."

உள்ளே யாரோ கதவோரம் அசைந்தார்கள். ஸில்மியாவாக இருக்கும். றஹீமா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு வெளியே வந்தார்.

"நானும் மதிலால பாத்துக்கிட்டுத்தான் இருந்தன் தம்பி" என்றார். "பெரிய அடுப்பு எரியுதே எண்டு நினைச்சன். பிறகு, அன்ரோனெற்றுக்குக் கணக்குத் தெரியுந்தானே, கேட்டா மரியாதை இல்லை எண்டு விட்டுட்டன்."

அவர் திட்டியிருந்தால் கிறிஸ்ரி கேட்டுக்கொண்டு நின்றிருப்பான். இதற்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. சிலிண்டரைப் பார்த்தான். வெண்கட்டிக் கோடுகள் இரண்டும் அழியாமல் இருந்தன.

"சிரட்டை எவ்வளவு இருக்கு ராத்தா?"

"அரைச் சாக்கு. இறைச்சிக்கும் சோத்துக்கும் அது எங்க காணும்? கொதி வாறதுக்கே சரி."

கிறிஸ்ரி கால் பெருவிரலால் மணலில் ஒரு கோடு கீறினான். அதை அழித்தான்.

"கொதி வந்தாப் போதும்" என்றான்.

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு அவன் ஐஸ் வாடியைத் திறந்து, மீன் மணமே படாத புதுப் பெட்டிகள் இரண்டைத் தெரிந்தெடுத்துக்கொண்டு வந்தான். குசினி மூலையில் இருந்த வைக்கோலை அள்ளப் போனபோது அன்ரோனெற் கையைப் பிடித்தாள். நேற்று மத்தியானத்துக்குப் பிறகு அவள் அவனோடு பேசியது அதுதான் முதல் தரம்.

"அது வேணாம். எல்லாம் ஒண்டாக் கலந்துபோச்சு. பண்டிக் கறி இருந்த வைக்கல். ராத்தா வீட்டுச் சட்டிக்கு அது கூடாது."

"வேற வைக்கல்?"

அவள் அந்த வைக்கோலைக் காலால் மூலைக்குத் தள்ளினாள். விறாந்தைப் பக்கம் பார்க்கவில்லை. அந்த அளவுக்கு அவள் அவனுக்கு இடம் விட்டாள்.

கிறிஸ்ரி விறாந்தைக்குப் போனான். குடில் மின்விளக்குகளோடு ஜொலித்தது. முதலில் விளக்குகளை அணைத்தான். பிறகு கூரையைப் பிரித்தான். மலையின் அடிவாரத்தில் செருகியிருந்ததை உருவினான். பாலனைத் தூக்கி, மெத்தை வைக்கோலை எடுத்து, புதுத் துவாய் ஒன்றை நாலாக மடித்து அதில் கிடத்தினான். கழுதைச் சிலைக்கு முன்னால் இருந்த ஒரு பிடியைப் பார்த்தான். அதையும் எடுத்தான். கூரையில்லாத கம்புகளுக்கு நடுவே சூசையப்பர் கையை விரித்தபடி நின்றார், வீட்டுக்காரன் எங்கே என்று கேட்கிறவரைப்போல். ஞாயிறு வருகிற குழுவுக்கு வெள்ளத்தில் போன குடில் என்று சொல்லலாம் என்று ஒரு கணம் தோன்றியது. தோன்றியதற்காகவும் வெட்கமாக இருந்தது.

றஹீமா வீட்டுப் பின்வளவில் மூன்று கல் வைத்துச் சிரட்டை எரித்தார்கள். றசாக் ஊதினார். இறைச்சிச் சட்டி கொதித்தது. அன்ரோனெற் மதிலடியில் நின்று நேரம் சொன்னாள். கால் மணித்தியாலம் ஆனதும் கையைக் காட்டினாள். கிறிஸ்ரி சட்டியைத் துவாயால் சுற்றித் தூக்கினான். உள்ளங்கை சுட்டது; மாற்றிப் பிடிக்கவில்லை. பெட்டிக்குள் இறக்கி, சுற்றிவர வைக்கோலைத் திணித்தான். பத்தரைக்குச் சோற்றுப் பானையும் கொதித்து இரண்டாவது பெட்டிக்குள் போனது. சாக்கு வெறுமையாகக் கிடந்தது. இனி ஏதாவது பிழைத்தால் எரிக்க ஒன்றுமில்லை.

றசாக் பதினொரு மணிக்கு ஒருமுறை பெட்டி மூடியில் கை வைத்தார்.

"திறக்காதேங்கோ நானா. ஒருக்காத் திறந்தா அரை மணித்தியாலச் சூடு போயிடும்."

"வேகாட்டி?"

"வேகும்" என்றான் கிறிஸ்ரி. பிறகு, தன் சொல்லுக்கு இந்த வீட்டில் இப்போது எவ்வளவு மதிப்பு இருக்கும் என்பது நினைவுக்கு வந்து, "நேற்று நான் சாப்பிட்டனான் நானா. அன்ரோனெற்ற கறி. கரண்டி பட்டதும் விலகினது" என்றான்.

மதிலுக்கு அந்தப் பக்கம் நின்ற அன்ரோனெற் அதைக் கேட்டாள். கொஞ்ச நேரத்தில் மதிலுக்கு மேலால் ஒரு போர்வை வந்து விழுந்தது. அலுமாரிக்குள் பூச்சி உருண்டை போட்டு வைத்திருந்த, அவனுடைய நல்ல போர்வை.

பள்ளியில் பாங்கு சொல்லி, றசாக் தொப்பியை வைத்துக்கொண்டு ஜும்மாவுக்குப் போனார். றஹீமா தொழப் போனார். உள்ளே ஸில்மியாவுக்குச் சேலை உடுத்துகிற சத்தம் கேட்டது. கிறிஸ்ரி தனியே இரண்டு பெட்டிகளுக்கும் நடுவில் குந்தியிருந்தான். முசலி வான் வருகிற நேரம் அவன் பின்படலையால் போய்விட வேண்டும். அது யாரும் சொல்லாமலே அவனுக்குத் தெரிந்தது.

ஒழுங்கையால் போன சைக்கிள் ஒன்று நின்றது. வேலிக்கு மேலால் சிங்கராசாவின் தலை தெரிந்தது. அவர் பெட்டிகளைப் பார்த்தார். போர்வையைப் பார்த்தார். விளிம்பில் வெளியே நீட்டிக்கொண்டிருந்த பொன்னிற வைக்கோலைப் பார்த்தார். குடில்காரருக்கு வைக்கோலை அடையாளம் தெரியும்.

"என்ன கிறிஸ்ரி, கோழி அடைக்கு வச்சிருக்கிறியோ?"

"ஓம் அண்ணை" என்றான் கிறிஸ்ரி.

இடது பக்க மூலையில் போர்வை கொஞ்சம் விலகியிருந்தது. அதை இழுத்து உள்ளே செருகினான்.